டிரெய்லரோட முன்கால் பத்தி யாருமே எழுத மாட்டேங்குறாங்களே

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வண்டி வாகனத்துக்குன்னு வர்ற பக்கத்த நான் ஒரு வாரம் கூட விடாம படிக்கிறவன். இஞ்சின் ஆயில் பத்தி வருது, டயர் காத்து பத்தி வருது, பேட்டரி பத்தி எத்தனையோ வாட்டி வந்தாச்சு, ஆனா ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வெச்சிருக்கிறவங்க ஒவ்வொரு வாட்டி வண்டியக் கழட்டி நிறுத்தும்போதும் மொத்தமா நம்பி இருக்கிற அந்த ரெண்டு முன்கால், லேண்டிங் லெக்குன்னு சொல்றோமே, அதப் பத்தி ஒரு வரி கூட நான் பார்த்ததில்ல. எனக்கு நடந்ததையும் அதுல இருந்து தெரிஞ்சுக்கிட்டதையும் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

தெரியாதவங்களுக்காக முதல்ல ரெண்டு வார்த்த. நான் சொல்றது உள்ளயே தங்கிக்கிற மாதிரி வீடு கட்டின டிரெய்லர். சாதாரண டிரெய்லர் வண்டியோட பின் பம்பர்கிட்ட உருண்டைக் கொக்கியில மாட்டும், ஃபிஃப்த் வீல் அப்படி இல்ல, பிக்கப்போட தொட்டிக்குள்ள, பின் அச்சுக்கு மேல தட்டு மாதிரி ஒரு ஹிட்ச் இருக்கும், டிரெய்லரோட மூக்குல இருந்து கீழ தொங்குற கிங் பின் அதுல போய் பூட்டிக்கும். பெரிய கன்டெய்னர் லாரியிலயும் இதே ஏற்பாடுதான். நாலு சக்கரக் குதிரை வண்டியில முன் அச்சு திரும்புறதுக்காகப் படுக்க வெச்ச வட்டம்தான் அந்த அஞ்சாவது சக்கரம், பேரு அங்கிருந்து வந்தது. 1914-ல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப்ங்கிற கொல்லர், ஒரு மர வியாபாரி தன்னோட படகை ஃபோர்டு காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போகணும்னு கேட்டதுக்காக ஒரு டிரெய்லர் செஞ்சு குடுத்து அதுக்கு செமி டிரெய்லர்னு பேரு வெச்சாரு, அதாவது அரை வண்டி. முன் சக்கரமே இல்லாததால அரை வண்டி. இழுக்குற வண்டி கழண்டு போயிட்டா அந்த இல்லாத முன் சக்கரத்தோட வேலைய மொத்தமா செய்யறது இந்த ரெண்டு காலுதான்.

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். ஒரு சாயங்காலம், நல்ல மழை, கேம்பிங் கிரவுண்டுல டிரெய்லர நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை போட்டுட்டு கால இறக்க ஆரம்பிச்சோம், வீட்டுக்காரங்க சுவிட்ச்கிட்ட நின்னாங்க, நான் பலகை வெச்சுக்கிட்டிருந்தேன். "ஏங்க, இந்தப் பக்கம் இறங்குது, அந்தப் பக்கம் அசையவே இல்ல பாருங்க"ன்னாங்க. மோட்டார் ஓடுற சத்தம் நல்லா கேக்குது, இடது கால் தரையத் தொட்டுருச்சு, வலது கால் அப்படியே அந்தரத்துல நிக்குது. நல்ல வேளை, ஹிட்ச் இன்னும் பூட்டியே இருந்துச்சு, எடை பூரா பிக்கப் மேலதான். டார்ச் அடிச்சுக்கிட்டு அடியில குனிஞ்சு பார்த்தா ரெண்டு காலையும் இணைக்கிற குறுக்கு ஷாஃப்ட் சுத்துது, வலது காலோட தலையில நுழையுற அச்சு மட்டும் சுத்தல, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருந்த சின்ன பின்னு மூணு துண்டாகி நடுத்துண்டு உள்ளேயே கிடக்குது. வெட்டுப்பட்ட முகம் கத்தியில நறுக்கின மாதிரி வழவழன்னு மின்னுச்சு.

நான் என்ன பண்ணேன்னா, டூல் பாக்ஸ்ல தேடி அதே தடிமன்ல ஒரு போல்ட் எடுத்தேன், தலையில 10.9-னு போட்டிருந்துச்சு, நல்ல கெட்டியான போல்ட், இனிமே ஜென்மத்துக்கும் உடையாதுன்னு நெனச்சு அதப் போட்டு நட்டு முறுக்கிட்டேன். கால் இறங்குச்சு. ரெண்டு மாசம் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் கால் ஏத்தும்போது கடகடன்னு ஒரு சத்தம், மோட்டார் திணறி நின்னுருச்சு, வலது கால் பாதியில மாட்டிக்கிச்சு, மேலயும் போகல கீழயும் வரல. காலோட அடியில தரையில ஊனுற பாதத்தோட லாக்க எடுத்து அத மட்டும் முழுசா மேல தூக்கிட்டு, தரையில இருந்து ஒரு சாண் இடைவெளியோட, ஒவ்வொரு பள்ளத்துலயும் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஊர்ந்து போனோம்.

அங்க இருந்த மெக்கானிக் அண்ணன் காலோட மேல் மூடிய கழட்டி விரல விட்டு கிரீஸ வழிச்சு எடுத்து என் கையில வெச்சாரு. உள்ள இருந்த பெவல் கியரோட, அதாவது சுத்தல வேற திசைக்குத் திருப்பிவிடுற சரிவுப் பல் சக்கரத்தோட பல்லு பொடிப் பொடியா அதுல மின்னுச்சு. "தம்பி, அந்தப் பின்னு உடையத்தான் வெச்சிருக்காங்க, நீ அத உடையவிடாம பண்ணிட்ட, அதான் பல்லு போயிருச்சு"ன்னாரு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுறேன் ஆசிரியர் அவர்களே.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இத யாரும் வாங்கும்போது சொல்றதில்ல. கரண்ட் கால்ல ஒரு 12 வோல்ட் மோட்டார், அது ஒரு கியர்பாக்ஸ சுத்துது, கியர்பாக்ஸ் ஒரு காலோட தலையில இருக்கிற பெவல் கியர சுத்துது, அந்த கியர் காலுக்குள்ள நிக்கிற நீளமான மரை போட்ட ராடைத் திருப்புது, ராடுல மாட்டியிருக்கிற கனமான நட்டு உள் குழாயோட சேர்த்து கீழ இறங்குது, அப்படித்தான் கால் நீளுது. அதே சுத்தல் குறுக்கு ஷாஃப்ட் வழியா இன்னொரு காலுக்கும் போகுது. இந்தச் சங்கிலியில எங்கயாவது இறுக்கம் வந்தா ஏதோ ஒண்ணு உடைஞ்சே ஆகணும், அப்ப உடையறது கையில மாத்தக்கூடிய சின்ன பின்னா இருக்கட்டும், காலையே கழட்டி மாத்த வேண்டிய பல்லா இருக்க வேண்டாம்னு தெரிஞ்சேதான் அந்த இடத்த பலவீனமா வெச்சிருக்காங்க. வீட்டுக் கரண்ட்ல ஃபியூஸ் மாதிரி. ஃபியூஸ் போச்சுன்னு தடிமனா கம்பி சுத்திவிட்டா வயரிங்தான் எரியும், நான் டிரெய்லர்ல பண்ணது அதேதான்.

அதனால பின்னு உடைஞ்சா அதே அளவு, அதே ரகம் பின்னுதான் போடணும், அது தகட்டக் குழாய் மாதிரி சுருட்டின ரோல் பின்னா இருந்தா ரோல் பின்னு, சாஃப்ட் போல்ட்டா இருந்தா அதே கிரேடு, கையேட்டுல பார்ட் நம்பர் இருக்கும். நாலு எக்ஸ்ட்ரா வாங்கி டூல் பாக்ஸ்லயே வெச்சுக்கோங்க, கூடவே அத தட்டி வெளிய எடுக்குற பஞ்ச் ஒண்ணும் சுத்தியலும், ஏன்னா உள்ள சிக்கின துண்ட எடுக்க வேற எதுவும் உதவாது, நான் ஆணிய வெச்சுத் தட்டி ஆணி வளைஞ்சு போனதுதான் மிச்சம். ஆனா புதுப் பின்னு போட்டதோட வேலை முடியல. அது ஏன் உடைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கணும், அதத்தான் நான் அன்னைக்குப் பண்ணல.

என் விஷயத்துல காரணம் என்னன்னு அண்ணன் பத்தே நிமிஷத்துல காட்டிட்டாரு. கழட்டின உள் குழாய பெஞ்ச் மேல வெச்சு, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு நூல இழுத்துப் பிடிச்சாரு, நடுவுல நூலுக்கும் குழாய்க்கும் நடுவுல நாலஞ்சு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிஞ்சுது. குழாய் வளைஞ்சிருக்கு. எப்ப வளைஞ்சுதுன்னு யோசிச்சதுல ஞாபகம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒரு பயணத்துல ஹிட்ச்சோட தாடை சரியா திறக்காம கிங் பின்ன பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நான் திறந்துருச்சுன்னு நெனச்சு பிக்கப்ப முன்னாடி எடுத்துட்டேன், கால் ரெண்டும் தரையில ஊனியிருக்கும்போதே டிரெய்லர் ஒரு ஜெர்க் அடிச்சு நின்னுச்சு. அன்னைக்கு வெளிய இருந்து பார்க்க ஒண்ணுமே தெரியல. அதுக்கப்புறம் ஒவ்வொரு வாட்டி கால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வளைஞ்ச குழாய் வெளிக்குழாயோட உரசிக்கிட்டே இருந்திருக்கு, மோட்டார் முக்கிக்கிட்டே இருந்திருக்கு, கடைசியில பின்னு தன் வேலைய செஞ்சிருக்கு.

கால் மேல நேரா எவ்வளவு எடை வந்தாலும் ஓரளவுக்குத் தாங்கும், பக்கவாட்டுல இழுக்குறத அது தாங்காது. அதுலயும் கால் எவ்வளவு நீளமா வெளிய வந்து நிக்குதோ அவ்வளவுக்கு ஆபத்து ஜாஸ்தி, 30 சென்டிமீட்டர் நீட்டியிருக்கும்போது ஒரு பக்கத் தள்ளு கால வளைக்க எவ்வளவு முறுக்கு குடுக்குமோ, 60 சென்டிமீட்டர் நீட்டியிருந்தா அதே தள்ளு ரெண்டு மடங்கு குடுக்கும். அதனால காலுக்கு அடியில கட்டையோ பலகையோ அடுக்கி, கால் குட்டையா நிக்குற மாதிரி பார்த்துக்கிட்டாலே பாதிப் பிரச்சனை வராது. வண்டியக் கழட்டும்போது முதல்ல சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, அப்புறம் கால் இறக்கி எடைய வாங்கிக்கணும், அப்புறம் தாடைய திறந்து, திறந்துருச்சான்னு இறங்கிப் போய் கண்ணால பார்த்துட்டு, அப்புறம்தான் பிக்கப்ப அங்குலம் அங்குலமா எடுக்கணும். மாட்டும்போதும் அப்படித்தான், பூட்டின கையோட கால முழுசா தூக்கிடாம, தரைய விட்டு ரெண்டு விரக்கடை மட்டும் தூக்கி வெச்சுட்டு, டிரெய்லர் பிரேக்க பிடிச்சுக்கிட்டு லேசா முன்னாடி இழுத்துப் பார்க்கணும், பூட்டு சரியா விழலன்னா டிரெய்லர் அந்த ரெண்டு விரக்கடை இறங்கி கால் மேல உக்காரும், பிக்கப் தொட்டி மேல விழாது.

ரிப்பேர்னு இறங்குறவங்களுக்கு ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். கால் மட்டும் தாங்கிக்கிட்டு நிக்கிற டிரெய்லர் அடியில படுக்காதீங்க. கால்ல கைய வைக்கிறதுக்கு முன்னாடி டிரெய்லர பிக்கப்போட பூட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அதோட நிக்காம சேஸிஸ் இரும்புக்கு அடியில ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு குடுங்க. ஜாக்கிய ஸ்டாண்டா வெச்சுக்கக் கூடாது, ஜாக்கி தூக்கத்தான், தாங்குறதுக்கு ஸ்டாண்டுதான். உள்ள இருக்கிற நட்டோட மரை தேஞ்சு போயிருந்தா அந்தக் கால் எப்ப கீழ விடும்னு யாராலயும் சொல்ல முடியாது, முந்தின நாள் வரைக்கும் நல்லா நின்னிருக்கும்.

கால் அசையலன்னாலே கால்தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ண வேண்டாம். மோட்டார்ல சத்தமே வரலன்னா முதல்ல கரண்ட பாருங்க. இந்த மோட்டாருக்கு நிறைய ஆம்பியர் வேணும், பெரும்பாலும் 30 ஆம்ப் பிரேக்கர் போட்டிருப்பாங்க. பேட்டரியில மீட்டர் வெச்சா 12.6 காட்டுது, அப்ப பேட்டரி நல்லா இருக்குன்னு விட்டுடறாங்க, ஆனா பார்க்க வேண்டிய இடம் மோட்டார் முனையில, அதுவும் சுவிட்ச அமுக்கி மோட்டார் எடைய தூக்க முயற்சி பண்ணிக்கிட்டிருக்கும்போது. அப்ப அங்க 9 வோல்ட்தான் வருதுன்னா நடுவுல எங்கயோ தின்னுடுது, பச்சையா பூத்துப்போன டெர்மினல், பெயிண்ட் மேலயே முடுக்கின எர்த் வயர், மெலிசான கேபிள், இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும். எர்த் போல்ட்ட கழட்டி அடியில இருக்கிற பெயிண்டையும் துருவையும் சுரண்டி பளபளன்னு ஆக்கி திரும்ப முடுக்கினதுலயே சரியான கால்களை நான் பார்த்திருக்கேன். பிரேக்கர் விழுந்து விழுந்து தானா திரும்ப வர்ற ரகம்னா சுவிட்ச திரும்பத் திரும்ப அமுக்கிக்கிட்டே இருக்காதீங்க, மோட்டார் சூடாகி உள் சுருள் கருகிரும். பிரேக்கர் விழுதுன்னா பெரும்பாலும் எங்கயோ இறுகுதுன்னு அர்த்தம், அந்த இறுக்கத்தத் தேடுங்க.

மோட்டார் ஓடுது ரெண்டு காலும் அசையலன்னா மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல போயிருக்கும், ஒரு கால் மட்டும் அசையலன்னா என்னோடது மாதிரி குறுக்கு ஷாஃப்ட் பக்கம், ரெண்டும் அசையுது ஆனா நறநறன்னு சத்தம் வருதுன்னா உள்ள கிரீஸ் காஞ்சு போயிருக்கு இல்லன்னா பல்லு போக ஆரம்பிச்சிருக்கு. அப்ப மேல் மூடிய கழட்டி பழைய கிரீஸ துடைச்செடுத்துப் பாருங்க, கருப்பா கெட்டியா இருந்தா பரவாயில்ல, அதுல இரும்பு மினுமினுப்பு இருந்தா அந்த கியர் ரொம்ப நாள் தாங்காது. புது கிரீஸ பல்லுலயும் மரை ராடுலயும் நல்லா பூசணும், ஆனா வெளிய தெரியுற உள் குழாய் மேல கிரீஸ் தடவாதீங்க, ரோட்டு மண்ணு பூரா அதுல ஒட்டிக்கிட்டு உப்புத்தாள் மாதிரி உள்ள போய் அரைச்சிரும். அங்க துணியால துடைச்சுட்டு காஞ்சு போற ரகம் சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

ரெண்டு கால் உயரமும் ஒண்ணுக்கொண்ணு மாறிப்போயிருந்தா, அதாவது ஒண்ணு முழுசா ஏறின பிறகும் இன்னொண்ணு இன்னும் தொங்கிக்கிட்டிருந்தா, பயப்பட ஒண்ணுமில்ல. எடைய எடுத்துட்டு குறுக்கு ஷாஃப்ட்ட ஒரு பக்கம் கழட்டி, பின்தங்கின கால மட்டும் கையால சுத்தி சமத்துக்குக் கொண்டுவந்து திரும்ப மாட்டணும். இத செய்யாம மேல மேல சுவிட்ச அமுக்கினா முழுசா ஏறின காலு முட்டிக்கிட்டு அங்கயும் பின்னு போகும்.

வளைஞ்ச குழாய சூடு காட்டி நிமித்தித் தர்றேன்னு சிலர் சொல்வாங்க, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஒரு தடவ வளைஞ்ச இரும்பு அதே இடத்துல மறுபடி வளைய வாய்ப்பு ஜாஸ்தி, சூடு காட்டின இடம் முன்ன இருந்த பலத்தோட இருக்காது. மாத்திடுங்க. மாத்தும்போது ஒரு கால மட்டும் மாத்தலாமான்னு கேட்டா, அதே மாடல், அதே கியர் விகிதம் கிடைச்சா மாத்தலாம், இல்லன்னா ரெண்டு காலும் ஒரே வேகத்துல இறங்காது, ஜோடியாவே மாத்துறதுதான் நல்லது.

கால் மாட்டியிருக்கிற இடத்தையும் பாருங்க, நெறைய பேர் கால மட்டும் பார்த்துட்டு விட்டுடறாங்க. பிராக்கெட்டும் சேஸிஸும் சேர்ற வெல்டிங் ஓரத்துல பெயிண்ட்ல மயிரிழை மாதிரி ஒரு கோடு, அதுல இருந்து துரு வழிஞ்ச கறை, இது இருந்தா அது பெயிண்ட் வெடிப்பு இல்ல, இரும்பே விரிய ஆரம்பிச்சிருக்கு. போல்ட் ஓட்டை வட்டமா இல்லாம முட்டை மாதிரி ஆயிருந்தாலும் அப்படித்தான், கால் ஆடி ஆடி அரைச்சிருக்கு. இத சேஸிஸ் வெல்டிங் தெரிஞ்சவர்கிட்டதான் குடுக்கணும், விரிசலோட முனையில சின்னதா ஓட்டை போட்டு அது மேல ஓடாம நிறுத்திட்டு, வெல்ட் பண்ணி மேல தகடு குடுப்பாங்க. வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி டிரெய்லர் பேட்டரியையும் கழட்டணும், பிக்கப்போட வர்ற வயர் பிளக்கையும் உருவிடணும், இல்லன்னா உள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் போகும்.

இனி அப்கிரேடு. பழைய கால் போனதும் எல்லாரும் முதல்ல கேக்குறது இன்னும் பெரிய மோட்டார் போடலாமாங்கிறதுதான். நான் சொல்றது, மோட்டார கடைசியில யோசிங்க, எடைய முதல்ல கணக்குப் போடுங்க. ஃபிஃப்த் வீல்ல மொத்த எடையில சுமாரா 15-ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் கிங் பின் மேல வரும். சாமான் எல்லாம் ஏத்தின பிறகு 5000 கிலோ டிரெய்லர், அதுல 20 சதவீதம்னு வெச்சா 1000 கிலோ. கால் மேலயும் அதே 1000-தானேன்னு நெனைப்போம், இல்ல. கால் கிங் பின்னுக்குக் கீழ இல்ல, அதுக்குப் பின்னாடி, அச்சுக்குக் கிட்டத்துல இருக்கு. கிங் பின்ல இருந்து அச்சு நடுவுக்கு 7 மீட்டர், கால்ல இருந்து அச்சு நடுவுக்கு 5.6 மீட்டர்னா, 1000-ஐ 7-ஆல பெருக்கி 5.6-ஆல வகுத்தா 1250 கிலோ, அவ்வளவு எடை கால் ரெண்டும் சேர்ந்து தாங்குது, சமதரையில ஒரு காலுக்கு 625. தரை ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தாலோ, பக்கவாட்டுல வெளிய நீட்டிக்கிற அறைய ஒரு பக்கம் மட்டும் இழுத்திருந்தாலோ ஒரு கால் மேல இன்னும் ஜாஸ்தி விழும். அதனால புதுக் கால் வாங்கும்போது இந்தக் கணக்குக்கு மேல தாராளமா இடம் விட்டு வாங்குங்க.

கால் பெட்டி மேல போட்டிருக்கிற எடை எண்ணைப் பார்க்கும்போது ரெண்டு கேள்வி கேளுங்க, அது ஒரு காலுக்கா இல்ல ஜோடிக்கா, தூக்குற எடையா இல்ல நின்னுக்கிட்டுத் தாங்குற எடையா. தாங்குற எண்ணு எப்பவும் பெருசா இருக்கும், தூக்குற எண்ணு சின்னதா இருக்கும், விக்கிறவங்க பெருச சொல்லித்தான் விக்கிறாங்க. அடுத்து, முழுசா ஏத்தினா கால் எவ்வளவு உயரத்துல நிக்கும்னு பாருங்க, பலமான கால்னு வாங்கிட்டு அது ரோட்டுல இருந்து கொஞ்ச உயரத்துலயே தொங்கிக்கிட்டு வந்தா ரயில்வே கிராஸிங்லயும் சரிவுல ஏறும்போதும் தரையில இடிச்சு மறுபடி அதே வளைவுதான்.

பாதத்தப் பத்தி யாரும் பேசுறதில்ல, என்னைக் கேட்டா முதல் அப்கிரேடே அதுதான். 20-க்கு 20 சென்டிமீட்டர் பாதம்னா 400 சதுர சென்டிமீட்டர், 625 கிலோ அதுல வந்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒண்ணரை கிலோவுக்கு மேல. அதே பாதத்துக்கு அடியில 40-க்கு 40 அளவுல வளையாத தடிமனான பலகை ஒண்ணு வெச்சா பரப்பு நாலு மடங்கு, அழுத்தம் 0.4 கிலோவுக்கு இறங்கிரும். மழைத் தரையில ராத்திரியோட ராத்திரியா ஒரு கால் மட்டும் புதைஞ்சு, காலையில கதவு திறக்க மாட்டேங்குதுங்கிற கதையெல்லாம் இந்தப் பலகை இல்லாததாலதான்.

அதுக்கப்புறம் ஒரு மோட்டாருக்குப் பதிலா ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி மோட்டார் வைக்கலாம், குறுக்கு ஷாஃப்ட்டே தேவையில்ல, சாய்ஞ்ச தரையில ஒரு பக்கத்த மட்டும் தூக்கி மட்டம் பார்க்கலாம், நான் கடைசியா போட்டது இதுதான். ரெண்டு மோட்டாருக்கும் தகுந்த மாதிரி கேபிளும் தடிமனா, பிரேக்கரும் தனித்தனியா போட்டேன், பழைய வயர்லயே ரெண்டையும் தொங்கவிட்டா முன்ன சொன்ன வோல்டேஜ் குறையுற பிரச்சனை ரெண்டு மடங்கா வரும். ஹைட்ராலிக் இன்னும் வசதி, ஒரு பட்டன்ல நாலாபக்கமும் தானா மட்டம் பார்த்துக்கும், பலமும் ஜாஸ்தி, ஆனா ஒரே பம்ப் எல்லாக் காலுக்கும் வேலை செய்யுது, பம்ப் போனாலோ ஹோஸ் கசிஞ்சாலோ எல்லாம் நின்னுரும், அதனால கையால இயக்குற வழி என்னன்னு வாங்குற அன்னைக்கே தெரிஞ்சுக்கணும். ஆயில் குறைஞ்சா கையேட்டுல சொன்ன ஆயில் மட்டும், பல சிஸ்டத்துல அது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில், அவசரத்துக்கு பிரேக் ஆயில ஊத்தினா உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஊதிப்போய் கெட்டுரும். உள்ள நடக்கும்போது டிரெய்லர் ஆடுதுங்கிறது மட்டும்தான் குறைன்னா இவ்வளவும் வேண்டாம், ரெண்டு காலுக்கும் நடுவுல குறுக்குத் தாங்கி, கிங் பின்னுக்கு அடியில ஒரு முக்காலி ஸ்டாண்டு, போதும்.

கடைசியா ரெண்டு கோரிக்கை, உங்க பேப்பர் மூலமா போனா கேப்பாங்கங்கிற நம்பிக்கையில எழுதுறேன். எனக்கு டிரெய்லர் வித்த இடத்துல டிவி எப்படி போடணும், அடுப்பு எப்படி பத்த வைக்கணும்னு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தாங்க, கரண்ட் போனா கால கையால சுத்துற ஹேண்டில் எங்க இருக்குன்னு யாரும் காட்டல, கியர்பாக்ஸ்ல ஒரு ரப்பர் மூடிக்குப் பின்னாடி அந்த ஓட்டை இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதே பல்லு போன அன்னைக்குத்தான். விக்கிற ஒவ்வொருத்தரும் வண்டியக் குடுக்கிற அன்னைக்கு வாங்குறவர் கையாலயே ஒரு தடவ அந்த ஹேண்டில போட்டு கால இறக்கி ஏத்த வைக்கணும், அவசரத்துக்கு, நட்டு கழட்டுற இம்பாக்ட் கன்ன அதுல வைக்கக் கூடாது, அது அடிக்கிற அடியில பின்னு போயிரும்னும் அப்பவே சொல்லிடணும். தயாரிக்கிறவங்க, காலோட வெளிக்குழாய் மேலயே அழியாத மாதிரி மூணு விஷயம் பொறிச்சுக் குடுக்கணும், ஒரு காலுக்குத் தூக்குற எடை எவ்வளவு, தாங்குற எடை எவ்வளவு, பின்னு என்ன அளவு என்ன ரகம். மழையில டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு அடியில கிடக்குறவன் கையேட்டத் தேடிக்கிட்டிருக்க முடியாது.

அந்த 10.9 போல்ட்ட நான் இன்னும் தூக்கிப் போடல, டூல் பாக்ஸ்ல புதுப் பின்னுங்க இருக்கிற டப்பாவுலயே கிடக்குது, கேம்பிங்ல யாராவது பின்னு உடைஞ்சு போச்சு, கெட்டியான போல்ட் இருக்கான்னு கேட்டு வந்தா அத எடுத்துக் காட்டி இந்தக் கதைய சொல்லிட்டு, சரியான பின்னு ஒண்ண குடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
டிரெய்லர் வெச்சிருக்கிற உங்க நீண்ட நாள் வாசகர்